சிவப்பை டிக் செய்தால் பச்சை ஏன் பூஜ்யம் ஆகிறது?

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இருவர் எழுதிய தேடல் பக்கத்தைப் போன வாரம் பார்த்தேன்: நிறம், துணி வகை என்று ஃபில்டர்களை டிக் செய்யலாம், ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை பொருள் என்று எண் வரும். என் பழைய தப்பு, அச்சு மாறாமல்! எழுத்துப் பிழை, வேகம் பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அவற்றை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

தன் ஃபில்டரைத் தன் மேலேயே போடுவது

ஒரு கடையில் பத்துச் சேலைகள் என்று வையுங்கள். பட்டு 6: சிவப்பு 3, பச்சை 2, நீலம் 1. பருத்தி 4: சிவப்பு 1, பச்சை 3. 'பட்டு', 'சிவப்பு' இரண்டையும் டிக் செய்தால் 3 சேலை வரும். சரி. பக்கத்தில் பச்சைக்கு எதிரே என்ன எண் வர வேண்டும்?

நான் அந்த 3 சேலைக்குள்ளேயே எண்ணினேன். பச்சை 0, நீலம் 0. கடைக்காரர் போன் செய்தார்: "தம்பி, பச்சைப் பட்டு அலமாரியிலேயே இருக்கு, உங்க சைட்டு இல்லைங்குதே?" தரவில்தான் கோளாறு என்று இரண்டு நாள் டேட்டாபேஸைக் குடைந்தேன். தரவு சுத்தமாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்புக் கணங்கள்தான் இது. ஒரே வகைக்குள் டிக் செய்தவை சேர்ப்பு (இதுவோ அதுவோ இருந்தால் போதும்). வகைக்கும் வகைக்கும் இடையே வெட்டு (இரண்டும் பொருந்த வேண்டும்). பச்சையையும் டிக் செய்தால் சிவப்புப் பட்டோடு பச்சைப் பட்டும் சேர்ந்து வரும். ஆகவே நிறங்களை எண்ணும்போது நிற ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதை எல்லாம் வைத்து எண்ண வேண்டும்: சிவப்பு 3, பச்சை 2, நீலம் 1. துணி வகைக்குத் துணி ஃபில்டரை எடுக்க வேண்டும்: பட்டு 3, பருத்தி 1. டிக் விழுந்த ஒவ்வொரு வகைக்கும் தனி எண்ணிக்கை என்பதால் சர்வருக்கு வேலை கூடும். அதற்குச் சோம்பல்பட்டுத்தான் எல்லோரும் இந்தக் குழியில் விழுகிறார்கள். எனக்கு இன்னும் எரிச்சல் வருவது அங்கேதான்.

விடுதி தேடும் பக்கத்தில் 'வைஃபையும் வேண்டும், லிஃப்டும் வேண்டும்' என்பது போன்ற வகைக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே உள்ளேயும் வெட்டுதான். சொந்த ஃபில்டரோடுதான் எண்ண வேண்டும்.

எண்களைக் கூட்டுவது

உடல் சிவப்பு, பார்டர் பச்சை என்றால் அந்தச் சேலை இரண்டு நிறத்திலும் எண்ணப்படும். கூட்டினால், பொதுவானதைக் கழியுங்கள்.

எதுவும் டிக் செய்யாத நிலை

ஒரு வகையில் டிக்கே இல்லையென்றால் சேர்க்க எதுவும் இல்லை; அந்தச் சேர்ப்பு வெற்றுக் கணம். அப்படியே விட்டால் பக்கமே காலி. அந்த வகையை ஃபில்டராகவே எடுக்காதீர்கள்.

பட்டு, பருத்தி, முகூர்த்தம்

மூன்றையும் ஒரே வகையில் போடாதீர்கள். முகூர்த்தச் சேலையும் பட்டுதானே! ஒரு வகைக்கு ஒரே அடிப்படை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல், நூலகப் புத்தகங்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். நூல் பேசும் பொருளை, நம் நிறம், துணி வகை போல, பல முகங்களாகப் பிரிப்பதுதான் அதன் உயிர். நூலகர் ஆவதற்கு முன் அவர் கணித ஆசிரியர்.