ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும்போது நழுவும் வெற்றிகள்

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக செஸ் சாம்பியன் போட்டியின் 14-ஆம் ஆட்டத்தில், வெள்ளைக் காய்களுடன் ஆடிய அப்போதைய சாம்பியன் டிங் லிரென் தமது 55-ஆம் நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்துக்கு (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்) கொண்டுவந்து, யானைகளை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். கறுப்பை ஆடிய சென்னையைச் சேர்ந்த குகேஷ் யானைகளை மாற்றிய கையோடு தம் பிஷப்பை டி5-இல் வைத்தார். ஏ8 மூலையில் கிடந்த டிங்கின் பிஷப்பால் அந்த மாற்றத்தையும் தவிர்க்க முடியவில்லை. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே, கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல். பட்டம் கைமாறியது.

இப்படி ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் சிப்பாய் இறுதியாட்டத்தின் மிகப் பெரிய தவறு, அது தொடங்குவதற்கு முன்பே, கடைசிக் காயை மாற்றும் நொடியில் நடந்துவிடுகிறது. எனவே அந்த மாற்றத்துக்குக் கை நீட்டும் முன், மாற்றம் முடிந்தபின் ராஜாக்கள் எந்தக் கட்டங்களில் நிற்கும், யார் நகர்த்த வேண்டியிருக்கும், யாரிடம் உபரியாகச் சிப்பாய் நகர்த்தல்கள் இருக்கும் என்பவற்றை மனத்துக்குள் கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பது மட்டும் போதாது. அது ஓரவரிசைச் சிப்பாயாக இருந்து, எதிராளியின் ராஜா மூலைக்கு வந்து சேர்ந்துவிட்டால் ஆட்டம் டிராதான்.

உபரி நகர்த்தலின் மதிப்பை உணர, பலகையில் வெள்ளை ராஜாவை இ4-இலும், வெள்ளைச் சிப்பாயை இ2-இலும், கறுப்பு ராஜாவை இ6-இலும் வையுங்கள். வெள்ளை நகர்த்த வேண்டும். சிப்பாயை இ3-க்கு ஒரே கட்டம் தள்ளினால், எதிரெதிரே நிற்கும் ராஜாக்களில் கறுப்பு ராஜாதான் விலகியாக வேண்டும், வெள்ளை வெல்கிறது. அதே நிலையில் சிப்பாய் ஏற்கெனவே இ3-இல் இருந்திருந்தால், விலக வேண்டியது வெள்ளை ராஜா, முடிவு டிரா. பலரும் சிப்பாயை முதலில் ஓட்டிவிட்டு ராஜாவைப் பின்னால் இழுத்து வருகிறார்கள். ராஜா முன்னால் போக வேண்டும், சிப்பாய் தேவைப்படும்போது மட்டும் அசைய வேண்டும்.

தற்காப்பவருக்கும் இதே அளவு நுணுக்கம் தேவை. வெள்ளை ராஜா டி5, சிப்பாய் இ6, கறுப்பு ராஜா இ7, கறுப்பின் முறை. நேர் பின்னால் இ8-க்குப் போனால் பிழைக்கலாம்: வெள்ளை ராஜா டி6-க்கு வரும்போது கறுப்பு ராஜா டி8-க்கு வந்து எதிரே நிற்கும், சிப்பாய் செக் கொடுத்தபடி இ7-க்கு வர, ராஜா இ8-க்குத் திரும்பும், அப்போது சிப்பாயை விடாமல் காக்க வெள்ளை ராஜா இ6-க்கு வந்தால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலேயே நகர்த்த வழியின்றி ஆட்டம் டிரா. ஆனால் முதலிலேயே டி8-க்குப் போய்விட்டால், வெள்ளை ராஜா டி6-ஐப் பிடிக்கும், கறுப்பு ராஜா இ8-க்கு வரும், சிப்பாய் செக் இல்லாமல் இ7-ஐ அடையும், கதை முடிந்தது. சிப்பாய் ஏழாம் வரிசையைச் செக்குடன் தொடுகிறதா, செக் இல்லாமல் தொடுகிறதா என்பதைத்தான் இரு தரப்பும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

வெற்றி கையில் இருந்தும் கைநழுவும் இடம் ஒன்றுண்டு. வெள்ளை: ராஜா டி5, சிப்பாய்கள் ஏ5, சி6. கறுப்பு: ராஜா சி8, சிப்பாய் ஏ6. வெள்ளையின் முறை. நேராக டி6-க்குப் போனால் கறுப்பு ராஜா டி8-இல் எதிர்நின்று தடுக்கும். அதற்குப் பதிலாக வெள்ளை ராஜா சி4, டி4 என்று முக்கோணமாகச் சுற்றி மறுபடி டி5-க்கு வரும்போது, நிலை மாறாமல் முறை மட்டும் கறுப்புக்குப் போயிருக்கும். கறுப்புக்கு அப்படிச் சுற்ற இடமில்லை. கறுப்பு டி8-க்குப் போனால் வெள்ளை ராஜா டி6-க்கு வரும்; கறுப்பு சி8-க்குத் திரும்பும்போது சிப்பாய் சி7-க்கு ஏறும். பிறகு கறுப்பு ராஜா பி7, வெள்ளை ராஜா டி7, கறுப்பு ராஜா ஏ7. இங்கே சிப்பாயை சி8-க்கு ஏற்றி ஆசையாக ராணியாக்கினால் ஸ்டேல்மேட்! யானையாக்கினால் வெற்றி. அல்லது ராஜாவை முதலில் சி6-க்குக் கொண்டுவந்தாலும் வெற்றிதான்.

இன்னொன்று, எண்ணிக்கை சமமாக இருக்கும்போது கண்ணில் படாமல் போகும் உடைப்பு, அதாவது சிப்பாயைப் பலி கொடுத்து எதிராளியின் சிப்பாய் வரிசையைப் பிளப்பது. வெள்ளைச் சிப்பாய்கள் ஏ5, பி5, சி5. கறுப்புச் சிப்பாய்கள் ஏ7, பி7, சி7. கறுப்பு ராஜா தொலைவில். நடுச் சிப்பாயை பி6-க்குத் தள்ளுங்கள். ஏ-சிப்பாய் அதை எடுத்தால் சி6, சி-சிப்பாய் எடுத்தால் ஏ6. எப்படியும் ஒரு சிப்பாய் ராணியாகும். கறுப்பின் முறையாக இருந்தால் உடனே பி6 ஆடி அடைத்துவிடலாம். அப்போதும் கவனம் வேண்டும்: வெள்ளை சி-சிப்பாயால் எடுத்தால் சி-சிப்பாயாலும், ஏ-சிப்பாயால் எடுத்தால் ஏ-சிப்பாயாலும் மட்டுமே திருப்பி எடுக்க வேண்டும், மாற்றி எடுத்தால் வெள்ளைக்கு ஓடும் சிப்பாய் (தடுக்க எதிர்ச் சிப்பாய் இல்லாத சிப்பாய்) கிடைத்துவிடும்.