தடித்த எம்.டி.எஃப். பலகையை லேசரில் சுத்தமாக வெட்டுவது எப்படி?

3 மி.மீ. பலகையை வெட்டிப் பழகியவர்கள், 6 மி.மீ. அல்லது 9 மி.மீ. பலகை வெட்டுப்படவில்லை என்றால் பவரைக் கூட்டி வேகத்தைக் குறைக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வெட்டிய துண்டைத் தொட்டால் விரல் கறுத்தது. அடிப்பக்கமோ பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டே இருந்தது. கோளாறு பவரில் இல்லை, ஃபோகஸிலும் காற்றிலும்தான் இருந்தது என்பது பல பலகைகளை வீணாக்கிய பிறகே புரிந்தது.

எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினோடு சேர்த்து, சூட்டில் அழுத்திச் செய்த பலகை. கார்பன் டை ஆக்சைடு லேசர் அதை எரித்துப் புகையாக்கியே வெட்டுகிறது. அந்தப் புகை மிகக் குறுகிய பிளவின் வழியாக வெளியேற வேண்டும். உள்ளேயே தங்கினால், அடுத்து வரும் கதிரைத் தடுப்பதோடு பக்கச் சுவரிலும் கரியாகப் படிகிறது. வேகத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் சுவருக்குச் சேரும் சூடுதான் கூடுகிறது.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. புகையில் ஃபார்மால்டிஹைடும் கார்பன் மோனாக்சைடும் இருப்பதால், புகைபோக்கிக் குழாயைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டு செல்லுங்கள். வெட்டும்போது இயந்திரத்தை விட்டு நகராதீர்கள். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முதல் படியாக, லென்ஸையும் கதிரைத் திருப்பிவிடும் கண்ணாடிகளையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட லென்ஸ் தாளால் மெதுவாகத் துடையுங்கள். பிறகு கழிவுப் பலகையில் ஒரு சதுரம் வெட்டி, அதன் ஓரத்தில் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். எதிரெதிர் ஓரங்கள் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், கதிர் செங்குத்தாக விழவில்லை. கண்ணாடிகளைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பயனில்லை.

அடுத்து, வளையாத பலகையாகத் தேர்ந்தெடுத்து இருபுறமும் மாஸ்கிங் டேப்பைக் குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். பலகையைத் தேன்கூட்டுத் தட்டின் (இயந்திரத்தில் பலகையைத் தாங்கும், தேன்கூடு போன்ற கண்களுள்ள உலோகத் தட்டு) மீது நேரடியாக வைக்காமல், சிறு கட்டைகளால் சுமார் 10 மி.மீ. உயர்த்தி வையுங்கள். தட்டில் பட்டுத் திரும்பும் கதிர் அடிப்பக்கத்தில் கறை விடாது. புகைக்கும் கீழே வழி கிடைக்கும்.

ஃபோகஸை அவசரமில்லாமல் செய்ய வேண்டும். கதிர் உடுக்கையைப் போல நடுவில் ஒடுங்கி மீண்டும் விரிகிறது. ஒடுங்கிய இடம் மேற்பரப்பிலேயே இருந்தால், அடிப்பகுதியைச் சேர்வதற்குள் கதிர் விரிந்து வலுவிழந்துவிடும். ஆகவே அந்த ஒடுங்கிய இடத்தை, அதாவது குவியத்தை, தடிமனில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை உள்ளே இறக்குங்கள், 6 மி.மீ. பலகைக்கு அது 2 முதல் 3 மி.மீ. ஆகும். குவியத்தின் சரியான உயரம் தெரியாவிட்டால், ஒரு துண்டைச் சாய்த்து வைத்து அதன்மேல் நேர்கோடு ஒன்றை இழுங்கள். கோடு எங்கே மிக மெல்லியதாக இருக்கிறதோ அந்த உயரமே குவியம். பல இயந்திரங்களில் வரும் 50.8 மி.மீ. லென்ஸ் 6 மி.மீ. வரை போதும், அதற்கு மேல் 63.5 மி.மீ. லென்ஸில் சுவர் நேராக வரும். லென்ஸை மாற்றினால் நாசில் (லென்ஸுக்குக் கீழே கதிரும் காற்றும் வெளிவரும் முனை) பலகையிலிருந்து விலகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்று அந்த நாசிலிலிருந்துதான் பிளவுக்குள் இறங்க வேண்டும். இயந்திரத்தோடு வரும் சிறு பம்பு, பொறிப்பு வேலைக்கு உதவும். தடித்த பலகைக்குக் கம்ப்ரசர் தேவை. ஈரத்தைப் பிரிக்கும் வடிகட்டியைக் குழாயில் கட்டாயம் பொருத்துங்கள், இல்லையென்றால் நீர்த்துளி லென்ஸில் தெறிக்கும்.

இனி சோதனை. வெட்டப் போகும் அதே பலகையின் துண்டில், பவரை 70 சதவீதத்தில் நிறுத்தி, நொடிக்கு 6, 8, 10, 12 மி.மீ. வேகங்களில் 20 மி.மீ. சதுரங்கள் வெட்டுங்கள். தட்டாமல் தானாக விழுந்த சதுரங்களில் எது அதிக வேகத்தில் வெட்டியதோ, அதைவிடச் சற்றே குறைந்த வேகம்தான் உங்கள் அளவு. 9 மி.மீ. பலகையை ஒரே ஓட்டத்தில் வெட்டப் போராடுவதைவிட, பலகையை அசைக்காமல், இரண்டாம் ஓட்டத்துக்குக் குவியத்தை இன்னும் 2 அல்லது 3 மி.மீ. இறக்கி வெட்டுவதே எனக்குச் சுத்தமாக வந்திருக்கிறது.

துண்டுகளை ஒன்றோடொன்று செருகிப் பொருத்தும் வேலை என்றால் பிளவின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஒரே அளவில் வெட்டிய பத்து 20 மி.மீ. சதுரங்களை நெருக்கி வரிசையாக வைத்து அளக்கும்போது 200க்குப் பதில் 198 மி.மீ. வந்தால், பிளவு 0.2 மி.மீ.; வரைபடக் கோட்டை 0.1 மி.மீ. வெளியே தள்ள வேண்டும். உள்துளைகளை முதலில் வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசிக்கு விடுங்கள். துண்டு விழுந்த பிறகு அது அசைந்துவிடும்.

வெட்டி முடித்ததும் மூடியை உடனே திறக்காமல், புகை முழுவதும் போகும்வரை விசிறியை ஓட விடுங்கள். தட்டுக்கு அடியில் விழுந்த சிறு துண்டுகளில் கனல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஓரத்தை உலர்ந்த தூரிகையால் மட்டும் தேய்த்துவிடுங்கள். தண்ணீர் பட்டால் நார் ஊறி உப்பிவிடும். ஓரம் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. அடிப்பாதி மட்டும் கறுத்து அகன்றிருந்தால் குவியம் இன்னும் மேலேயே நிற்கிறது. பவரைத் தொடாமல், அரை மில்லிமீட்டர் இறக்கி அடுத்த சதுரத்தை வெட்டுங்கள்.