'ஸ்கில்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைக் கண்டறியும் முறை

'ஸ்கில்' என்றால் திறன், பயிற்சியால் வாய்க்கும் தேர்ச்சி என்று எந்த அகராதியும் சொல்லிவிடும். அதன் வேரைத் தேடுகிறவர் இந்த இன்றைய பொருளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, சொல்லின் முதல் ஒலியிலிருந்து தொடங்குவது நல்லது.

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்க்' என்றிருந்த ஒலி நாளடைவில் 'ஷ்' என்று திரிந்துவிட்டது. கடலுக்கு அப்பால் ஸ்காண்டிநேவிய நாடுகளில் அது திரியாமல் நின்றது. ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சொற்களில் ஆங்கிலத்துக்கே உரியது 'ஷர்ட்' என்றும், அந்நாடுகளிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்தது 'ஸ்கர்ட்' என்றும் ஆகி, இன்று இரு வேறு உடைகளுக்குப் பெயராக வழங்குவது இதனால்தான். ஸ்கை, ஸ்கின், ஸ்கில் ஆகியவையும் அவ்வாறு வந்தவையே. ஆனால் இந்த ஒலிச் சான்று மட்டும் போதாது. 'ஸ்கெலிட்டன்' கிரேக்கத்திலிருந்தும் 'ஸ்கெட்ச்' டச்சிலிருந்தும் வந்தவை என்பதால், அடுத்ததாக வரலாற்றையும் பொருளையும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரத் தீவான லிண்டிஸ்ஃபார்னின் மடத்தைத் தாக்கிய வைக்கிங்குகள், 865இல் பெரும்படையாக வந்து, பின்னர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியமர்ந்தனர். விட்பி, டார்பி போன்ற ஊர்ப்பெயர்களின் ஈற்றில் அவர்கள் மொழி இன்றும் இருக்கிறது. உழவர்களாக அண்டை வீட்டில் வாழ்ந்தவர்களின் மொழி என்பதால், அன்றாடப் பேச்சுச் சொற்களே மிகுதியாகக் கலந்தன.

பொருளை ஆராயும் கட்டமே இதில் சுவை மிகுந்தது. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'ஸ்கில்' என்பது வேறுபாட்டையும், அதைப் பகுத்தறியும் ஆற்றலையும் குறித்தது. 'ஸ்கில்யா' என்ற வினைக்குப் பிரித்தல், புரிந்துகொள்ளுதல் என்று இரு பொருளும் உண்டு. ஐஸ்லாந்துக்காரர் இன்றும் "எனக்குப் புரிகிறது" என்பதற்கு இந்த வினையையே ஆளுகிறார். மணமுறிவுக்கு வழங்கும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2001இல் முடித்து, இணையத்தில் கட்டணமின்றித் தரும் இடைக்கால ஆங்கில அகராதியைத் திறந்து மேற்கோள்களைக் கால வரிசையில் படித்தால், அறிவு, நியாயம், பகுத்தறிவு ஆகிய பொருள்களோடு செயல்தேர்ச்சி என்ற பொருளும் உருவாகி வருவதைக் காணலாம். வல்லவர் என்பவர் நல்லதையும் குறையுள்ளதையும் பிரித்தறியத் தெரிந்தவர் என்ற எண்ணமே இந்த மாற்றத்துக்கு வழிவிட்டிருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், பித்தன் எழுதிய கடிதத்தை எப்போது கொடுத்தாலும் பெரிய வேறுபாடில்லை என்று கோமாளி சொல்லும் இடத்தில் 'ஸ்கில்' வினையாக வருகிறது. பழைய பொருள் அதுவரை வழக்கில் இருந்ததற்கு அதுவே சான்று.

ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக 'ஸ்கூல்' என்பதை இதனோடு உறவாக்கிவிடக் கூடாது. கல்விக்கூடத்தைக் குறிக்கும் அச்சொல், ஓய்வு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது.

இம்முறை பழகியபின் 'கிராஃப்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். பழைய ஆங்கிலத்தில் அது வலிமையையும் குறித்தது. ஜெர்மன் மொழியின் 'கிராஃப்ட்' இன்றும் வலிமை என்ற பொருளிலேயே வழங்குகிறது.