பல் போன நாய்க்குப் பால் சாதம் போதாது: வயதான நாயை வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்க்குப் பற்கள் போய்விட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "இனி இது எதைத் தின்னும்?" என்பதுதான். அந்தக் கவலையில் பாதி தேவையற்றது. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அவற்றில் பெரும்பாலானவை பிடிக்கவும் கிழிக்கவும் வெட்டவும் ஆனவை. நாயின் தாடை மேலும் கீழுமாகத்தான் அசையும். மாட்டைப் போலப் பக்கவாட்டில் அசைத்து அரைக்காது. எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியும் ஏறக்குறைய இல்லை. தொண்டையில் இறங்கும் அளவுக்குத் துண்டானதும் விழுங்கிவிடும். மற்றதை இரைப்பை பார்த்துக்கொள்ளும். அதனால் ஒரு பல்கூட இல்லாத நாயும், உணவு ஏற்ற அளவில் கிடைத்தால், உடம்பு தேறி நன்றாக வாழும்.

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. "பாவம், பல் இல்லை" என்ற ஒரே காரணத்தை எல்லாவற்றுக்கும் பொருத்திவிடுகிறோம். இளைத்தாலும் பல், வாய் நாறினாலும் பல், மூலையில் படுத்தே கிடந்தாலும் பல். அந்தப் பரிதாபத்தில் கவனிக்க வேண்டியவை கண்ணில் படாமல் போகின்றன.

பல் விழுவதற்கே வயதுதான் காரணம் என்று நினைப்பதிலிருந்து இது தொடங்குகிறது. வயதானால் மட்டும் நாயின் பல் விழாது. பல்லில் படியும் படலம் இரண்டு மூன்று நாட்களில் காறையாக இறுகத் தொடங்குகிறது. ஈறு வீங்குகிறது, ஈறுக்கும் பல்லுக்கும் இடையே கிருமிகள் இறங்குகின்றன, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது, கடைசியில் பல் ஆடி விழுகிறது. விழுந்த பல்லுக்குப் பின்னால் பல ஆண்டுகள் நீடித்த நோய் இருக்கிறது. சிறிய தாடைக்குள் பற்கள் நெருக்கியடிக்கும் பக், டாஷ்ஹண்ட், ஷிட்சு போன்றவற்றில் இது அதிகம். நம் ஊரில் பொமரேனியன் என்ற பெயரில் வளரும் வெள்ளை நாய்களும் அப்படித்தான். (அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ்.)

பால் சாதமும் தயிர் சாதமும்

பல் போன நாளிலிருந்து பல வீடுகளில் நாய்க்கு மூன்று வேளையும் பால் சாதம்தான். மென்மையாக இருக்கிறது, நாயும் நக்கித் தின்கிறது, தட்டும் காலியாகிறது. ஆனால் சோற்றில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. வயதான நாயின் தசைகள் தாமாகவே கரையத் தொடங்கும் காலம் இது; தொடையும் முதுகும் வற்றி எலும்பு தெரியத் தொடங்குவது இதனால்தான். சிறுநீரகத்தில் கோளாறு இல்லாத கிழ நாய்க்குப் புரதம் கூடுதலாக வேண்டும். நாம் கொடுப்பதோ குறைவாக. போதாக்குறைக்கு, வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காது. வயிறு கழிந்தால் அதற்கும் வயதின் மீது பழி போடுகிறோம். தயிர் பாலைவிடப் பரவாயில்லை. ஆனாலும் இரண்டு கரண்டித் தயிர் ஒரு வேளை உணவாகிவிடாது.

சைவம் சமைக்கும் வீடுகளில் இது சங்கடமான பேச்சு என்று தெரியும். முட்டையாவது கொடுங்கள், வேக வைத்து மசித்த முட்டை பல் இல்லாத வாய்க்கு அருமையான உணவு. மற்ற வீடுகளில் வழி எளிது. எலும்பு நீக்கிய கோழிக் கறியையோ கொத்துக்கறியையோ உப்பு, காரம், எண்ணெய் இல்லாமல் வேக வைத்து, மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, குழைந்த சோற்றோடும் வெந்த பரங்கிக்காயோடும் பிசைந்தால் போதும். கறி பெரும்பங்காகவும் சோறு சிறுபங்காகவும் இருக்கட்டும். மீன் என்றால் முள்ளை முழுக்க எடுத்த பிறகு. ஈரல் வாரத்துக்கு ஒரு சிறு துண்டு போதும். மலிவாகக் கிடைக்கிறது என்று தினமும் போட்டால் வைட்டமின் ஏ அளவுக்கு மீறிப் போகும்.

இதையும் முழுமையான உணவு என்று நம்பிவிடக் கூடாது. எலும்பில்லாத கறியில் கால்சியம் மிகக் குறைவு. தொடர்ந்து வீட்டுச் சாப்பாடுதான் என்றால், என்ன கலக்க வேண்டும், எவ்வளவு கலக்க வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்குக் கடையில் வாங்கும் உலர் தீனியே நல்லது. வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊற வைத்தால் விரலால் நசுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஊற வைக்காத சிறு உருண்டைகளையே அப்படியே விழுங்கிப் பழகிக்கொள்ளும் பல்லில்லா நாய்களும் உண்டு.

சாம்பார் சாதம், ரசம் சாதம் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. வெந்தாலும் பொடியானாலும் அந்தக் குணம் போகாது. விளைவு அன்றே தெரியாமல் சில நாட்கள் கழித்துச் சோகையாக வெளிப்படுவதால், "நேற்றுகூடச் சாப்பிட்டது, ஒன்றும் ஆகவில்லை" என்ற சமாதானத்துக்குப் பொருளில்லை. காபியில் தோய்த்த பிஸ்கட்டையும் விட்டுவிடுங்கள். உலர் திராட்சை உள்ள பிஸ்கட் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரையில்லாதது என்று விற்பவற்றில் சைலிடால் என்ற இனிப்பூட்டி சேர்ந்திருந்தால் அது நாய்க்கு நஞ்சு.

கஞ்சியாகக் கரைப்பது

பல் இல்லை என்றதும் எல்லாவற்றையும் நீராகக் கரைத்துவிடுகிறார்கள். நீர்த்த உணவில் வயிறு நிறையும், சத்து குறையும். ஒரே அளவு கிண்ணத்தில் பாதி தண்ணீர்தானே? கையில் எடுத்தால் வழியாமல் நிற்கும் பதமே போதும். விரல் நுனியளவுக் கறித்துண்டுகள் இருந்தாலும் தவறில்லை. தவறு பெரிய துண்டுகளில்தான். கிழிக்க முடியாத நாய் அதை முழுசாக விழுங்கப் பார்க்கும், தொண்டையில் சிக்கும். எலும்பும் அப்படியே. "மென்மையான கோழி எலும்புதானே, ஆசைக்குக் கொடுப்போம்" என்பது பல்லுள்ள நாய்க்கே ஆபத்து. வெந்த எலும்பு கூராக உடையும். உடைக்க முடியாத வாய் அதை அப்படியே உள்ளே தள்ளும்.

தின்ன மறுக்கும் நாயின் தலையை நிமிர்த்திப் பிடித்து, சிரிஞ்சால் கஞ்சியைத் தொண்டைக்குள் பீய்ச்சுவது இதையெல்லாம்விட மோசம். மூச்சுக்குழலில் போனால் நிமோனியா வரும். கிழ நாய் அதிலிருந்து மீள்வது கடினம். மருத்துவர் சொல்லி அப்படி ஊட்ட நேர்ந்தால், தலை இயல்பான நிலையில் இருக்க, கன்னத்து ஓரத்தில் சிறிது சிறிதாக விட்டு, விழுங்கிய பிறகே அடுத்தது.

பாத்திரத்தையும் பாருங்கள். ஆழமான கிண்ணத்தின் அடியில் இருப்பதைப் பல்லில்லா வாயால் அள்ள முடியாது. மூக்கால் தள்ளிக்கொண்டே அறையைச் சுற்றும். விளிம்பு தாழ்ந்த அகலமான தட்டு, அடியில் ஈரத் துணி. உணவின் சூட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பிறகே வைக்க வேண்டும். நம் வெயிலில் ஊறிய தீனியும் பிசைந்த கறியும் வெகுநேரம் தாங்காது. ஒரு மணி நேரத்தில் தின்னாததை எடுத்துக் கொட்டிவிடுவது நல்லது.

"பல்லே இல்லை, வாயில் என்ன நோய்?"

நிறைய இருக்கலாம். பல் தானாக உடைந்து விழும்போது வேர் உள்ளேயே தங்கிவிடுவதுண்டு. மேலே ஈறு மூடி, வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே சீழ் பிடித்துக்கொண்டிருக்கும். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். மேல் கோரைப்பல்லின் வேருக்கும் மூக்கறைக்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்பு. அது கரைந்துவிட்டால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை விழும். தின்னும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் தும்மல், ஒரே பக்க மூக்கில் சளி அல்லது ரத்தம் என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். சளி மருந்து கொடுத்துக் காலம் கடத்துவதில் பயனில்லை. அறுவை சிகிச்சை செய்துதான் அடைக்க வேண்டும்.

பற்கள் போன பிறகும் வாய் நாறினால் அது ஒரு தகவல். தங்கிய வேராக இருக்கலாம், சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம், நீரிழிவாக இருக்கலாம், வாய்க்குள் வளரும் கட்டியாக இருக்கலாம். வாரம் ஒரு முறை உதட்டைத் தூக்கி, நாக்கின் அடியையும் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். கருமையாகவோ சதையாகவோ புதிதாக எதாவது தெரிந்தால் அன்றே காட்ட வேண்டும். நாயின் வாயில் வரும் புற்றுகளில் மெலனோமா (நிறமிச் செல்களில் தோன்றும் புற்று) மிகப் பொதுவானது. அது விரைந்து பரவும். உணவு முடிந்ததும் ஈரமான மெல்லிய துணியை விரலில் சுற்றி ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் துடைத்துவிட்டால் போதும். மனிதர்களின் பற்பசை வேண்டாம். நாக்கு ஒரு பக்கமாக வெளியே தொங்கும் நாய்க்கு அது காய்ந்து வெடிக்காமல் அவ்வப்போது நனைத்துவிட வேண்டும்; உதட்டு மடிப்பில் எச்சில் தேங்கினால் ஒற்றி எடுக்க வேண்டும்.

மிச்சமிருக்கும் நாலைந்து பற்களை என்ன செய்வது? "இந்த வயதில் மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்காது" என்று பயந்து, அழுகிய பற்களோடே நாயை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். மயக்க மருந்தில் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வயது மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் நிலை தீர்மானிக்கிறது. ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுத்துவிட்டு மருத்துவரிடம் பேசலாம். 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி உட்பட, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. சிறிய நாய்களில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: கீழ்த்தாடை எலும்பு கரைந்து மெலிந்த நிலையில், சோபாவிலிருந்து குதித்தாலே தாடை முறிந்துவிடலாம். மயக்கம் கொடுக்காமல் காறையைச் சுரண்டித் தருகிறோம் என்னும் அழகு நிலையங்களுக்குக் கொடுக்கும் பணம் வீண். பல் பளிச்சென்று தெரியும், நோய் இருப்பது ஈறுக்கு அடியில்.

பற்களை எடுத்த பிறகு ஏறத்தாழ இரண்டு வாரம் மென்மையான உணவு மட்டும். இழுத்து விளையாடக் கூடாது. அந்த இரண்டு வாரம் முடிந்ததும் நாய் மறுபடி வாசலுக்கு ஓடிவருவதைப் பார்த்துப் பலர் வியக்கிறார்கள். அதுவரை வலியோடு சோர்ந்து கிடந்ததைத்தான் கிழடு தட்டிவிட்டது என்று நினைத்திருந்தார்கள். நாய் வலியைக் காட்டாது, வலித்தாலும் தின்னும். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துத் தின்பது, வாயிலிருந்து உணவு நழுவி விழுவது, முன்காலால் முகத்தைத் தேய்ப்பது, இவைதான் அது தரும் அடையாளங்கள்.

வலி என்று தெரிந்ததும் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். (பாறு கழுகுகளை அழித்த காரணத்தால் 2006-இல் இந்தியாவில் கால்நடைகளுக்குக் கொடுப்பது தடை செய்யப்பட்டது இதே டைக்ளோஃபினாக்தான்.) கிராம்புத் தைலம் தடவுவதும் வேண்டாம்.

இளைப்பு, உண்ணி, ஊசி

பல் போன நாய் இளைக்கத்தான் செய்யும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வயிறாரத் தின்றும் இளைக்கிறது என்றால் காரணம் வேறு. மாதம் ஒரு முறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நின்று, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். பத்து கிலோ நாய் ஒரு கிலோ குறைந்தால் அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு. அதோடு தண்ணீரும் அதிகமாகக் குடித்தால் உடனே ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்.

உண்ணியைப் பற்றி ஏனோ யாரும் எச்சரிப்பதில்லை. நாய் தன் முன்பற்களால் கொறித்துக் கொறித்துத்தான் உடம்பில் ஏறும் உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் ஓரளவு களைகிறது. முன்பற்கள் போனால் அந்த வேலை நின்றுவிடும். காது மடலின் உட்புறம், கால் விரல் இடுக்கு, கழுத்துப் பட்டையின் அடி, வாலடி ஆகிய இடங்களை இனி நீங்கள்தான் தினமும் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா காய்ச்சல் நம் ஊரில் சாதாரணம்; அது ரத்தத்தைக் குறைக்கும். வாயைத் துடைக்கும்போதே ஈறின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறியிருந்தாலோ ரத்தம் கசிந்தாலோ காத்திருக்கக் கூடாது. கறுத்த ஈறுள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.

மற்ற நாய்களோடு ஒரே இடத்தில் தின்ன வைக்காதீர்கள். மெதுவாகத் தின்னும் கிழ நாயின் பங்கு போய்விடும், சண்டை வந்தால் திருப்பிக் கடிக்கவும் முடியாது. தெருவில் தனியாக விடுவதும் இதே காரணத்தால் கூடாது. பொழுதுபோக்குக்குக் கடிக்கும் பொம்மைக்குப் பதிலாக, தட்டையான தட்டில் மசித்த பரங்கிக்காயைப் பூசி நக்கக் கொடுக்கலாம். பழைய துணிக்குள் தீனியை ஒளித்து மோப்பம் பிடிக்க விடலாம்.

"கடிக்கவே பல் இல்லை, இதற்கு எதற்கு ரேபிஸ் ஊசி?" என்று கேட்பவர்களும் உண்டு. ரேபிஸ் கிருமி இருப்பது எச்சிலில். வெறி பிடித்த தெருநாயோ கீரியோ இதைக் கடித்துவிட்டால், பிறகு இது உங்கள் கையிலிருக்கும் சிறு காயத்தை நக்கினாலே கிருமி உங்களுக்கு வந்துவிடலாம். எதிர்த்துக் கடிக்க முடியாத நாய் கடிபடும் வாய்ப்பும் கூடுதல். ஆண்டுதோறும் போடும் ஊசியை மருத்துவர் நிறுத்தச் சொல்லாத வரை நிறுத்தக் கூடாது. ஊசி போடப் போகும் நாளில் அந்த மாத எடைக் குறிப்பையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.