பயறு டப்பாவில் ஒரு மரபியல் கணக்கு

பாசிப்பயறில் வண்டு விழுந்தால் வீட்டில் வெயிலில் காயப்போடுவார்கள். நான் அதற்குள் ஒரு கைப்பிடியை ஒளித்துவிடுவேன். ஆண் வண்டு இன்னொரு ஆணின் முதுகில் ஏறுவதை அதில்தான் முதலில் பார்த்தேன். முட்டைக்கு வழியில்லாத பழக்கம்; மரபணுவில் இருந்தால் எப்படி அழியாமல் நிற்கிறது? ஆணுக்கு நஷ்டம் தரும் அதே மரபணு அவன் சகோதரிகளுக்கு லாபம் தருகிறதோ? இதைச் சகோதரிகளின் முட்டையை எண்ணித்தான் சோதிக்க வேண்டும்.

முதல் வேலை, யாரோடும் சேராத வண்டு. டப்பாவிலிருந்து நேராக அள்ளி நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். எல்லாம் ஏற்கெனவே கூடியவை. ஒரே ஒரு முட்டை ஒட்டியிருக்கும் பயறுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் தனிக் குப்பியில் போடுங்கள். மூடியில் ஊசித்துளை போதும். மூன்று, நான்கு வாரத்தில் வண்டு வட்டமாகத் துளைத்து வெளியே வரும். அதற்குத் தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

வண்டின் வயிற்று நுனியில் தெரியும் பின்பக்கத் தகட்டின் இருபுறமும் கருப்புப் பட்டை இருந்தால் பெண். ஆணின் உணர்கொம்பு சீப்பு மாதிரி இருந்தால் அது வேறு இனம், கலக்காதீர்கள். (வெளிநாட்டு ஆய்வகங்களில் ‘தென்னிந்திய வகை’ என்று வளர்க்கும் வண்டுகளின் பூர்வீகம் திருநெல்வேலி. ஊர்க்காரனுக்குக் கொஞ்சம் பெருமைதான்.)

அப்புறம் ஜோடி சேருங்கள்: ஒரு ஆண், ஒரு பெண், நூறு பயறு. இப்படிப் பதினைந்து குடும்பமாவது வேண்டும். குஞ்சுகளையும் முன்போலவே தனித்தனியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஐந்து சகோதரர்களை எடுத்து, ஒவ்வொருவனையும் முதுகில் நகப்பூச்சுப் பொட்டு வைத்த வேற்றுக் குடும்ப ஆணுடன் தட்டில் விட்டு, கால் மணி நேரம் எத்தனை முறை ஏறுகிறான் என்று குறியுங்கள். பொட்டு வைத்தவன் ஏறினால் அது கணக்கில் வராது. ஒரே குடும்பத்து எண்கள் ஒன்றையொன்று ஒத்திருந்து, குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டால், பரம்பரை இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

சகோதரிகளுக்கு அந்நிய ஆணைக் கொடுத்து, இறக்கும்வரை விட்டு, முட்டைகளை எண்ணுங்கள். கண் வலிக்கும், வெள்ளைப் புள்ளிகள், சாய்வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். சகோதரர்கள் அதிகம் ஏறிய குடும்பத்தில் சகோதரிகளின் முட்டையும் அதிகமா என்று பார்ப்பதுதான் கணக்கு.

2016இல் சுவீடனின் உப்சலா ஆய்வாளர்கள் இதே வகை வண்டுகளை ஒரே பால் நாட்டம் கூடும்படி தேர்ந்தெடுத்து வளர்த்தபோது, எதிர்ப்பால் உடன்பிறப்புகளின் இனப்பெருக்கம் உயர்ந்தது. ஒரு பாலில் நஷ்டம், மறுபாலில் லாபம். மரபணு அப்படித்தான் பிழைக்கிறது போலும்.

உங்கள் பதினைந்து குடும்பத்தில் இது தெளிவாகத் தெரியாமல் போகலாம். அப்படியானால் முப்பதாக்கிப் பாருங்கள். குப்பிகளைச் சமையலறைப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.