பழைய லயனல் பொம்மை ரயிலில் கப்ளர் கழன்றுபோனால்

அமெரிக்க நிறுவனமான லயனல் 1948 முதல் வெளியிட்ட ஓ கேஜ் (தண்டவாள அகல அளவு) பொம்மை ரயில்களில், பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளர் ஓடும்போதே திறந்துகொண்டால், உடனே புதிய உதிரிபாகம் தேட வேண்டாம். பெட்டியைக் கவிழ்த்து, கப்ளருக்கு அடியில் இருக்கும் மெல்லிய இரும்புத் தகட்டைப் பாருங்கள். கொக்கியைப் பூட்டிவைப்பது அதுதான். பெரும்பாலும் அது கீழே வளைந்து தொங்கியிருக்கும். விரல் நுனியால் மெதுவாக மேலே அழுத்தி நிமிர்த்துங்கள். அரை மில்லிமீட்டர் போதும். அதிகம் வளைத்தால் பெட்டிகளைப் பிரிக்க உதவும் காந்தத் தண்டவாளத்தின் மேல் போனாலும் கொக்கி திறக்காது.

கொக்கி திறக்கவே மறுத்தால் அழுக்கையோ உடைந்த சிறு ஸ்பிரிங்கையோ சந்தேகிக்கலாம். முதலில் பெட்ரோலியம் ஸ்பிரிட்டால் துடைத்துப் பாருங்கள். தேறாவிட்டால் கொக்கியைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணியின் தட்டிய முனையை மட்டும் நுண் அரத்தால் தேய்த்து, கொக்கிக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, மெல்லிய பஞ்ச்சால் (ஆணியைத் தட்டி வெளியேற்றும் உலோகக் கம்பி) அந்த ஆணியை வெளியே தள்ளுங்கள். முட்டு இல்லாமல் தட்டினால் கப்ளரின் வார்ப்பு உலோகம் விரிசல் விடும். கொக்கி, ஸ்பிரிங், ரிவெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

உடைந்த வார்ப்பைத் தீ வைத்துப் பற்றவைக்கவே கூடாது: அதன் துத்தநாகக் கலவை 380 டிகிரி செல்சியஸ் அருகிலேயே உருகிவிடும். சூப்பர் குளூவும் நீண்ட ரயிலின் இழுவையைத் தாங்காது.