சிறு தீவில் இளவேனில் வலசைப் பறவைகள்: பதிவேட்டிலிருந்து கால்வளையம் வரை

இளவேனிலில் வடக்கு நோக்கிப் போகும் சின்னப் பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் கடலைக் கடக்கின்றன. நடுவழியில் மழையோ மூடுபனியோ எதிர்காற்றோ குறுக்கிட்டால் முதலில் தட்டுப்படும் நிலத்தில் இறங்கிவிடும். அது நாலைந்து புதர் மட்டுமே உள்ள தீவாக இருந்தால், விடியும்போது அந்தப் புதர்கள் பறவைகளால் நிறைந்திருக்கும். ஜெர்மனியின் ஹெல்கோலாண்ட், வேல்ஸின் ஸ்கோக்ஹோம், ஸ்காட்லாந்தின் ஃபேர் ஐல் தீவுகளில் பறவை ஆய்வு நிலையங்கள் உருவானது இதனால்தான்.

முதலில் நோட்டுப் புத்தகம்

தினமும் ஒரே பாதை, ஒரே நேரம். பார்த்த இனம், எண்ணிக்கை, காற்றின் திசை, மேகம், எவ்வளவு தூரம் தெரிகிறது என எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒன்றுமே வராத நாளில் பூஜ்ஜியம் என்று எழுதுங்கள். அந்தப் பூஜ்ஜியம் இல்லாவிட்டால், வந்த நாளின் எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை. என்னைக் கேட்டால் புதியவர்கள் ஒரு பருவம் முழுக்க இதை மட்டும் செய்யலாம்.

சரி, நேற்று ஐந்து வில்லோ வார்ப்ளர் (பூச்சி தின்னும் சின்ன வலசைப் பறவை), இன்றும் ஐந்து. அதே ஐந்தா, வேறு ஐந்தா? கண்ணால் சொல்ல முடியாது. பறவையின் காலில் மாட்டும் வளையம் தேவைப்படுவது இங்கேதான். எண் பொறித்த அலுமினிய வளையத்தை 1899இல் ஸ்டார்லிங் பறவைகளுக்கு இட்டு இந்த முறையைத் தொடங்கியவர் டென்மார்க் ஆசிரியர் மார்ட்டென்சென்.

உரிமம்

பயிற்சியும் உரிமமும் இல்லாமல் வலை கட்டக் கூடாது. உரிமம் பெற்ற பயிற்சியாளரிடம் முதலில் எழுத்தராக உட்காருங்கள்.

வலை

மிஸ்ட் வலை கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மோதும் பறவை அதன் தொங்கலான மடிப்புக்குள் விழுந்து பை போல அடங்கிவிடும். புதர் ஓரமாக, காற்றுப் படாத இடத்தில் கட்டுங்கள். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறையாவது சுற்றி வர வேண்டும். வெயிலோ குளிரோ கூடினால் இன்னும் அடிக்கடி. மழை வந்தாலும் பலத்த காற்று அடித்தாலும் உடனே மூடிவிடுங்கள். எத்தனை மீட்டர் வலை, எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பறவையை எடுப்பது

இதில் அவசரமே கூடாது. பறவை வலையின் எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தது என்று முதலில் பாருங்கள். வந்த வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். பொதுவாகக் கால்களை முதலில் விடுவித்து, அப்புறம் உடல், சிறகு, தலை என்று போகலாம். சிக்கல் அவிழவில்லையா, சின்னக் கத்தரியால் வலையின் நூலை வெட்டுங்கள். வலையைத் தைத்துக்கொள்ளலாம்.

முதுகு உள்ளங்கையில் படிய, கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வரும்படி மென்மையாகப் பிடியுங்கள். மார்பை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. வாயைத் திறந்து மூச்சிரைத்தாலோ கண்ணை மூடினாலோ, எந்த அளவும் வேண்டாம், விட்டுவிடுங்கள். ஒரு இரவு முழுக்கக் கடல் தாண்டி வந்த உயிர் அது.

பருத்தித் துணிப் பையில், பைக்கு ஒரு பறவை என்று எடுத்துப் போங்கள்.

வளையமும் அளவும்

வளையத்தை முதலில் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. இனத்துக்கு ஏற்ற அளவு வளையத்தை அதற்கென உள்ள இடுக்கியால் மூடும்போது இரு விளிம்பும் இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். வளையம் காலில் தாராளமாகச் சுழல வேண்டும். எண்ணை உரக்கப் படியுங்கள். எழுதுபவர் திரும்பச் சொல்லட்டும். ஒரு இலக்கம் தவறினால் அந்தப் பறவையே தொலைந்த மாதிரி.

இனத்தில் சந்தேகம் வந்தால் சிறகைப் பாருங்கள். வில்லோ வார்ப்ளரும் அதன் நெருங்கிய உறவினமான சிஃப்சாஃபும் கையிலும் ஒன்றுபோல இருக்கும். சிறகின் வெளி ஓரத்திலிருந்து எண்ணினால் ஆறாவது முதன்மை இறகின் (சிறகு நுனிப் பக்கத்து நீண்ட பறக்கும் இறகு) விளிம்பு உள்வாங்கியிருந்தால் அது சிஃப்சாஃப்.

அடுத்து சிறகின் நீளம், வயது. பிறகு கழுத்தடியில் இறகுகளை மெல்ல ஊதி விலக்குங்கள். தோலுக்கடியில் மஞ்சளாகத் தெரிவது கொழுப்பு. பயணத்துக்கான எரிபொருள் அதுதான். கடைசியாக எடை, 0.1 கிராம் வரை துல்லியமாக. சுமார் 9 கிராம் உள்ள பறவைக்கு அரை கிராம் பெரிய வித்தியாசம்.

விடுவது

தூக்கி எறியாதீர்கள். புதருக்குப் பக்கத்தில் கையைத் தாழ்த்தித் திறந்தால் அதுவே போகும்.

மறுநாள் வளையமுள்ள பறவை வலையில் விழுந்தால் புதிய வளையம் வேண்டாம். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணைப் படித்து, மறுபடி எடை பாருங்கள். வேறு நாட்டு வளையமானால் அதிலுள்ள எழுத்துகளையும் அப்படியே எழுதி, படமும் எடுத்து, உங்கள் நாட்டில் பறவைகளுக்கு வளையமிடும் திட்டத்துக்கு அனுப்புங்கள். நேற்று 8.6 கிராம் இருந்த அதே வில்லோ வார்ப்ளர் இன்று 9.3 என்றால், உங்கள் தீவின் பூச்சிகளைத் தின்று ஒரே நாளில் அது 0.7 கிராம் ஏறியிருக்கிறது. நேற்றைய ஐந்தில் ஒன்று இன்னும் இங்கேதான் இருக்கிறது என்று இப்போது பதிவேட்டில் எழுதலாம்.